குழந்தைக் கொலை வழக்கில் முதல் 90 நாட்கள்

2017 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. அரியானா மாநிலம் குருகிராமில் ஏழு வயதுப் பையனை அவன் அப்பா பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் பள்ளிக் கழிப்பறைப் பக்கம் கழுத்து அறுபட்டுக் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். அன்றே பள்ளிப் பேருந்தின் கண்டக்டர் கைது செய்யப்படுகிறார். போலீஸ் பிடியில் இருந்தபடியே கேமராக்களுக்கு முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு முன் கூட்டம் திரண்டு, பக்கத்திலிருந்த மதுக்கடைக்குத் தீ வைக்கிறது. போலீஸ் தடியடி நடத்துகிறது. கண்டக்டருக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராக மாட்டார்கள் என்று அந்தப் பகுதி வழக்கறிஞர் சங்கங்கள் முடிவெடுக்கின்றன.

நாட்டில் பெரும்பாலோர் மனதில் வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது. முடிந்ததாக நினைக்காதவர் குழந்தையின் அப்பா. ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் சிபிஐ விசாரணை கேட்டார். அந்த மாதமே வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. நவம்பரில், சிசிடிவி பதிவுகளை மறுபடி ஆராய்ந்த சிபிஐ, அதே பள்ளியில் 11ஆம் வகுப்பு படித்த மாணவன் ஒருவனைப் பிடித்தது. தேர்வும் பெற்றோர் சந்திப்பும் தள்ளிப்போக வேண்டும் என்பதற்காக அவன் இதைச் செய்ததாக சிபிஐ தரப்பு சொன்னது. கண்டக்டருக்கு நவம்பர் 21 அன்று ஜாமீன் கிடைத்தது. 2018 பிப்ரவரி இறுதியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்தது. பிற்பாடு, அவருக்கு எதிராகப் பொய்ச் சான்று உருவாக்கியதாக அரியானா போலீஸ் அதிகாரிகள் நான்கு பேர் மீதே சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

குழந்தை கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டு வயிறு எரியாதவர் இருக்க முடியாது. அந்த எரிச்சலில் தப்பே இல்லை. ஆனால் முதல் சில வாரங்களில் நீதிமன்ற வாசலில் திரளும் கோபம் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் விழுகிறது. ரிமாண்ட் உத்தரவு, வக்காலத்து, ஜாமீன், முகத்தை மூடிய துணி என்று எல்லாவற்றின் மீதும் கோபப்படுகிறோம். வழக்கு நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் அதே வாரங்களில் வேறெங்கோ நடந்துகொண்டிருக்கின்றன, அல்லது நடக்காமல் இருக்கின்றன. அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆவது கூறு. பயண நேரம் இதில் சேராது. கூட்டம் திரண்டுவிட்டது என்றால் போலீசார் நீதிமன்ற வளாகத்துக்கே வராமல், நள்ளிரவில் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்துவதும் உண்டு. அந்த நேரத்தில் மாஜிஸ்திரேட் கையில் இருப்பவை எஃப்.ஐ.ஆர். நகல், கைதுக் குறிப்பாணை, மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, காவல் கோரும் மனு, வழக்கு நாட்குறிப்பு. கேட்கும் கேள்விகளும் கொஞ்சம்தான். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா, அடித்தார்களா, வழக்கறிஞர் இருக்கிறாரா. "நீ கொன்றாயா?" என்ற கேள்வி அங்கே கிடையாது. கொலை வழக்கை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமே அந்த மாஜிஸ்திரேட்டுக்குக் கிடையாது. அது செஷன்ஸ் நீதிமன்றத்தின் வேலை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப் பிரிவும் சேர்ந்தால் சிறப்பு நீதிமன்றத்தின் வேலை.

மறுநாள் பேப்பரில் "15 நாள் நீதிமன்றக் காவல்" என்று வரும். "இவ்வளவு பெரிய பாவத்துக்கு 15 நாள்தானா?" என்று மனம் நொந்து கேட்பவர்கள் ஏராளம். அது தண்டனையே இல்லை. நீதிமன்றக் காவலை ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்பதால் வரும் கணக்கு அது. 15 நாள் முடிந்தால் காவல் நீட்டிப்பு, மறுபடி 15 நாள். இப்போது பெரும்பாலும் சிறையிலிருந்தே காணொலி வழியாக நடக்கிறது. போலீஸ் காவல் என்பது தனி. சிறையிலிருந்து எடுத்துப் போலீசே வைத்து விசாரிப்பது. அது மொத்தமாகவே 15 நாள்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு, அந்த 15 நாளைத் துண்டு துண்டாகவும் எடுத்துக்கொள்ள வழி தந்திருக்கிறது.

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். "அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்ன விசாரணை?" என்பதுதான் அதிகம் கேட்கும் வாக்கியம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகள் அதைச் சொல்லின, புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுக்கக் காரணமான அந்தத் துண்டு வாக்கியம் மட்டும் சான்றாகும். "கத்தியை இந்த இடத்தில் புதைத்தேன், வந்தால் காட்டுகிறேன்" என்பது வரைக்கும் சரி. "அந்தக் கத்தியால்தான் கொன்றேன்" என்ற மீதி செல்லாது. தமிழ்நாட்டில் இதற்குக் கிராம நிர்வாக அலுவலரையும் உதவியாளரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைப்பது வழக்கம். இதில் கெடுவது எங்கே என்றால், வாக்குமூலம் எழுதுவதற்கு முன்பே அந்த இடம் போலீசுக்குத் தெரிந்திருந்தால், அல்லது எல்லோரும் நடமாடும் திறந்த வெளியாக இருந்தால், கண்டெடுப்புக்கு மதிப்பே போய்விடும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அங்கேதான். ஒரு சேனல் வண்டி போலீசோடு போய் "கொலைக்கருவி மீட்கப்பட்ட இடம்" என்று படம் பிடித்து, அதில் வரும் நேரமும், பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் மகஜரில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒரு ஒளிப்பதிவே வழக்கைச் சாய்க்கப் போதும்.

உண்மையாகவே ஒருவர் மனம் திறந்து ஒப்புக்கொள்ள விரும்பினால் அதற்கு மாஜிஸ்திரேட் இருக்கிறார். சுற்றிலும் போலீஸ் இருக்கக் கூடாது. "இப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, சொன்னால் உனக்கே எதிராகும்" என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்து, அதன் பிறகே பதிய வேண்டும். சொல்ல மாட்டேன் என்று பின்வாங்கினால் அவரை மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. குருகிராம் கண்டக்டர் பேசியது கேமராவிடம்.

இனி வழக்கறிஞர் விஷயம். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், காரணம் அதிகம் கெடுவது இங்கேதான்.

"இவனுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்று சங்கங்கள் தீர்மானம் போடும்போது ஊர் கைதட்டுகிறது. 2018 ஜூலையில் சென்னை அயனாவரம் சிறுமி வழக்கில் (அது கொலை வழக்கு அல்ல) கைதானவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தபோது, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் சிலர் அவர்களைத் தாக்கினார்கள். அன்று அதைப் பாராட்டியவர்களே மிகுதி. ஆனால் இப்படிப்பட்ட தீர்மானங்கள் சட்டப்படி செல்லாது என்று 2010 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு கிளம்பியது நம் கோயம்புத்தூரிலிருந்து. வழக்கறிஞர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில் போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று போட்ட தீர்மானம் அது. அரசியல் சாசனத்துக்கும் தொழில் நெறிக்கும் எதிரானது என்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் எழுதினார்கள். முதல் முறை நிறுத்தப்படும்போதே இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை மாஜிஸ்திரேட் சொல்லியாக வேண்டும் என்று 2012இல் மும்பைத் தாக்குதல் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கட்டளையே போட்டது.

வழக்கறிஞர் இல்லாமல் வழக்கை வேகமாக ஓட்டினால் என்ன ஆகும்? மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் ஆனதுதான் ஆகும். 2013 ஜனவரி 30 அன்று அங்கே ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள், பிறகு சடலமாகக் கிடைத்தாள். ஒருவர் கைதானார். பிப்ரவரி 19 அன்று குற்றச்சாட்டு வனையப்பட்டது, அதாவது எந்தெந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று நீதிமன்றம் பதிவு செய்தது. அதே நாளில்தான் அவருக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். கட்டுக்கட்டான ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இல்லை. மார்ச் 4 அன்று தீர்ப்பு, மரண தண்டனை. குற்றச்சாட்டு வனைந்ததிலிருந்து பதின்மூன்றே நாள். உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்து, விசாரணையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமுள்ள வழக்குகளில், குறைந்தது பத்து ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞரையே சட்ட உதவிக்கு அமர்த்த வேண்டும், அவர் தயாராகப் பொதுவாக ஏழு நாளாவது தர வேண்டும் என்ற விதிகள் வந்தது அந்தத் தீர்ப்பில்தான். மறுவிசாரணைகள் எல்லாம் முடிந்து 2024இல் அவர் விடுதலையானார். பதினோரு ஆண்டு சிறை. அந்தச் சிறுமியைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டு கழித்து எங்கே போய் விடை தேடுவது?

நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது. 2017 பிப்ரவரியில் சென்னை போரூரை ஒட்டிய முகலிவாக்கம் பகுதியில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த இளைஞர் கைதானார். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அந்த ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் ஜாமீனில் வெளியே வந்தார். ஜாமீன் கொடுத்தது ஏன் என்று தமிழ்நாடே கொதித்தது. 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவரை விடுதலை செய்தது.

அந்தத் தீர்ப்பு சொல்லும் காரணங்களை, ஜாமீனுக்காகக் கொதித்த ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் வந்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. குற்றவாளி என்று அறிவித்த நாளிலேயே தண்டனையும் விதிக்கப்பட்டது. சான்றுகளின் கதை இதைவிட வேதனை. சிறுமியோடு அவரைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நம்பும்படி இல்லை. அருகிலிருந்த கோயிலின் சிசிடிவியில் அவர் நடமாட்டம் பதிவானதாகச் சொல்லப்பட்டது, ஆனால் அந்தப் பதிவு முறைப்படி கைப்பற்றப்பட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. ஒப்புதலும் கண்டெடுப்பும் சந்தேகத்துக்கு இடமாயின. தடயப் பொருட்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற சங்கிலி அறுந்திருந்தது. இவை எல்லாம் நடந்தது, அல்லது நடக்காமல் போனது, 2017இல். கூட்டம் வாசலில் நின்று ஜாமீனைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்த அதே ஆண்டில்.

அந்தச் சங்கிலி என்றால் என்ன என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். குழந்தையின் உடையில் கறை இருக்கிறது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்து மரபணுவே கெட்டுப்போகும். நிழலில் காயவைத்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, சாட்சிகள் கையெழுத்திட்ட லேபிள் ஒட்ட வேண்டும். தமிழ்நாட்டில் படிவம் 95இல் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பி, நீதிமன்றக் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நிலையத்தில் எத்தனை நாள் இருந்தது, எந்தக் காவலர் எடுத்துப் போனார், ஆய்வகத்தில் உறையைத் திறந்தபோது முத்திரை உடையாமல் இருந்ததா என்பதெல்லாம் ஏட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் விடுபட்டாலும், "அந்த ஒரு நாளில் மாற்றி வைத்திருக்கலாம்" என்று வாதாட இடம் கிடைத்துவிடும். சிசிடிவி இதைவிட அவசரம். சாதாரணக் கடைகளில் இருக்கும் பதிவுப் பெட்டி இரண்டு மூன்று வாரத்தில், மிஞ்சிப்போனால் ஒரு மாதத்தில், பழையதை அழித்துவிட்டு மேலே எழுதிக்கொள்ளும். திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது சான்று ஆகாது. ஹார்டு டிஸ்க்கையே மகஜர் போட்டு எடுக்க வேண்டும், அல்லது பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு நகல் எடுத்து, சாட்சியச் சட்டத்தின் பழைய 65பி, இன்றைய 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வாங்க வேண்டும்.

சம்பவ இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வந்து பார்த்து ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அவர் வருவதற்குள் அந்த இடத்தில் ஐம்பது பேர் செருப்புக் காலோடு நடந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, செல்ஃபியும் எடுத்திருந்தால் அவர் எடுக்க என்ன மிச்சம் இருக்கும்? அஞ்சலி செலுத்த வேண்டும் என்ற மனசு புரிகிறது. தெரு முனையில் ஏற்றலாமே.

முகத்தை மூடிக் கூட்டி வருவதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் நிறைய. "கொலைகாரனுக்கு என்ன மானம்?" என்கிறார்கள். அந்தத் துணி வழக்குக்காகப் போட்டது. கைதானவரை முன்பின் தெரியாத சாட்சி ஒருவர் சம்பவத்தன்று பார்த்திருந்தால், சிறைக்குள் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். ஒத்த வயதும் உடல்வாகும் உள்ள பலரோடு நிற்க வைத்துச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே முகம் டிவியில் வந்திருந்தால், "படத்தைப் பார்த்துத்தானே காட்டினாய்?" என்ற ஒரே கேள்வியில் அந்தச் சாட்சியம் முடிந்தது.

அக்கம்பக்கத்தார் டிவிக்குக் கொடுக்கும் பேட்டியும் அப்படியே. ஓர் அம்மா சம்பவத்தன்று மாலை மைக்கில் "ஆறு மணி இருக்கும், அவன் பைக்கில் போனதைப் பார்த்தேன்" என்கிறார் என்று வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் போலீசில் "ஏழேகால்" என்கிறார். ஓராண்டு கழித்துக் கூண்டில் ஏறி "இருட்டின பிறகு" என்கிறார். மூன்றும் உண்மை மனதோடு சொன்னதாகவே இருக்கும். ஆனால் முந்தைய கூற்றைக் காட்டி முரண்படுத்தும் உரிமை எதிர்த்தரப்புக்கு இருக்கிறது, அந்தப் பேட்டி யூடியூபில் அப்படியே கிடக்கிறது. பார்த்தவர்கள் போலீசிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் பேசட்டும். மைக்கிடம் வேண்டாம்.

ஜாமீனுக்கு வருவோம். கொலை போல, மரண தண்டனையோ ஆயுளோ பத்து ஆண்டோ விதிக்கத்தக்க குற்றங்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய போலீசுக்கு இருப்பது 90 நாள். மற்றவற்றில் 60. அது தாண்டி, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் கைதானவர் ஜாமீன் கேட்டுவிட்டால் நீதிபதி கொடுத்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அந்த ஜாமீனுக்காக நீதிபதியைத் திட்டுவதில் பயனில்லை, கேட்க வேண்டியது விசாரணை அதிகாரியிடம். கணக்கு ரிமாண்ட் செய்த நாளிலிருந்து தொடங்குகிறது, அந்த நாளும் சேர்த்தி என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஜனவரி 10 அன்று ரிமாண்ட் என்றால், லீப் ஆண்டு இல்லாதபோது, 90ஆவது நாள் ஏப்ரல் 9. ஏப்ரல் 10 காலையில் மனு போடலாம். ஆய்வக அறிக்கை வரவில்லை என்று குற்றப்பத்திரிகையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை, அறிக்கையைப் பிறகு கூடுதலாகத் தாக்கல் செய்யலாம்.

"குண்டாஸ்ல போடு" என்ற கோரிக்கையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டப்படி போடும் தடுப்புக்காவல் அதிகபட்சம் ஓர் ஆண்டு. அது தண்டனையில் சேராது. மொழிபெயர்ப்பு நகல் தரவில்லை, நகல் படிக்கும்படி இல்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றத்தில் அந்த ஆணைகள் அடிக்கடி ரத்தாகின்றன. குண்டாஸ் இருக்கும்போதும் கொலை வழக்கின் 90 நாள் கடிகாரம் தனியே ஓடிக்கொண்டிருக்கும். உள்ளேதானே இருக்கிறான் என்று ஊரும் நிலையமும் அசந்திருந்தால், ஆணை ரத்தாகிற அன்று இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்துவிடும்.

வேகமே கூடாது என்று சொல்லவில்லை. கேரளத்தின் ஆலுவாவில் 2023 ஜூலை 28 அன்று ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். செப்டம்பர் தொடக்கத்திலேயே குற்றப்பத்திரிகை வந்தது. நவம்பர் 4 அன்று குற்றவாளி என்ற தீர்ப்பு, 14 அன்று மரண தண்டனை. கைதானவருக்கு மலையாளம் தெரியாது என்பதால் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். வேகம் காட்ட வேண்டிய இடம் புலனாய்வு. கண்ட்வாவில் வேகத்தைக் காட்டியது எதிர்த்தரப்பின் தயாரிப்பு நேரத்தில் கைவைத்து.

குழந்தையின் பெற்றோருக்கு இந்த நாட்களில் கையில் இருக்கும் உரிமைகளை ஊர்க்காரர்கள் யாராவது எடுத்துச் சொன்னால் பெரிய உதவி. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். ஜாமீன் மனு உட்பட எல்லா நிலையிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாட்சிகளுக்கு மிரட்டல் வந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுக்கலாம். இழப்பீட்டில் ஒரு பகுதியை இடைக்காலமாகவே பெறலாம். அஸ்திக் கலசம் கரைக்கிற நேரத்தில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? அதனால்தான் பக்கத்தில் நிதானமாக ஒருவர் வேண்டும். ஒரு நோட்டில் ரிமாண்ட் தேதி, 90ஆவது நாள், எஃப்.ஐ.ஆர். எண், பிறகு வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். அந்த எண்ணை இகோர்ட்ஸ் செயலியில் போட்டால் ஒவ்வொரு வாய்தா தேதியும் தெரியும்.

குழந்தையின் பெயரையும் படத்தையும் போட்டு நீதி கேட்பது பலருக்குப் பாசமாகத் தெரிகிறது. பாலியல் குற்றம் கலந்த வழக்கில் அது குற்றம், இறந்த குழந்தைக்கும் பொருந்தும். 2018இல் ஜம்மு காஷ்மீரின் கத்துவா சிறுமி வழக்கில் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம். அதே வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போன போலீசாரை வழக்கறிஞர் கூட்டமே மறித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, விசாரணையை மாநிலத்துக்கு வெளியே பஞ்சாபின் பதான்கோட்டுக்கு மாற்றியது. மூடிய அறையில், நாள்தோறும் விசாரணை நடந்து, 2019 ஜூன் 10 அன்று ஏழு பேரில் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கூட்டம் இல்லாத ஊரில்தான் அந்த வழக்கு நடக்க முடிந்தது.

குருகிராமுக்குத் திரும்புவோம். சிபிஐ பிடித்த மாணவனுக்கு அப்போது 16 வயது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவர்போல விசாரிக்கலாமா என்று சிறார் நீதி வாரியம் முதலில் மதிப்பிட வேண்டும். உடலாலும் மனதாலும் அந்தக் குற்றத்தைச் செய்யும் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்க்க வேண்டும். "கொலை செய்யத் தெரிந்தவன் குழந்தையா?" என்று அன்று நாடு முழுக்கக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் வாரியம் அமர்ந்து விடை தேட வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் பெரியவர்போல விசாரிக்கலாம் என்றது. 2018 அக்டோபரில் பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் அந்த மதிப்பீடு முறையாக நடக்கவில்லை என்று ரத்து செய்தது. 2022 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் மட்டும் போதாது, வாரியத்தில் குழந்தை உளவியல் தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியை அவசியம் பெற வேண்டும் என்றது. அந்த அக்டோபரில் வாரியம் புதிதாக மதிப்பிட்டுப் பழைய முடிவுக்கே வந்தது. அதே மாதம், ஐந்து ஆண்டுக் காவலுக்குப் பிறகு, அவனுக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. விசாரணை தொடங்கும் முன்பே, எங்கே விசாரிப்பது என்பதற்கு மட்டும் ஐந்து ஆண்டு.

2018 ஜனவரியில் குருகிராம் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்களின் உண்மைப் பெயர்களை ஊடகங்கள் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்து, மாற்றுப் பெயர்களைத் தந்தது. பள்ளிக்கு 'வித்யாலயா', மாணவனுக்கு 'போலு'. கொல்லப்பட்ட குழந்தைக்கு 'பிரின்ஸ்'.